வீட்டுச் சுவரில் விரிசல், விடை நூலகத்தில்: இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஒரு பாடம்

கரிசல் காட்டு ஊர்க்காரர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அதே மண் ஊறி, உப்பி, செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த மண் மேல் கட்டிய வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையில் இருந்து கோணலாக ஒரு விரிசல் ஓடும். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசுவோம். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடியும் விடும்.

இப்போது ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் இளையரசனேந்தல். சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று இரண்டு பக்கமும் போய்வரும் கரிசல் ஊர். தினமும் பஸ் ஏறிப் போய் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறார், மூன்றாம் ஆண்டு. வீட்டில் முதல் பட்டதாரி அவர்தான். "நீதான் பில்டிங் படிக்கிறியே, இந்தச் சுவர் ஏன் இப்படி விடுதுன்னு சொல்லேன்" என்று அம்மா கேட்கிறார். போனில் தேடினால் பெயின்ட் விளம்பரமும் புட்டி விளம்பரமும்தான் வருகின்றன. சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் நூலகத்தில் உட்கார நேரம் இல்லை.

அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தின் சேவைகளை ஒவ்வொன்றாக எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். நீங்கள் மெக்கானிக்கலோ, கம்ப்யூட்டர் சயின்ஸோ, எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான். கேள்வி மட்டும் உங்களுடையது.

நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய சேவை

இதை எழுதும் நான் படித்தது இதழியல். கல்லூரி நூலகத்தைப் பேப்பர் படிக்கிற இடமாகவும், மின்விசிறிக்குக் கீழே உட்காரும் இடமாகவும்தான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். கடைசிப் பருவத்தில் புராஜெக்டுக்காக நூலகரிடம் போய் நின்றபோதுதான் எத்தனை சேவைகளை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

நூலகம் நடப்பது உங்கள் கட்டணத்தில், இல்லையென்றால் அரசுப் பணத்தில். அதனால் அங்கே எதைக் கேட்டாலும் அது சலுகை இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியது. புத்தகம் இரவல் கொடுப்பது அதில் ஒரு பங்குதான். பழைய வினாத்தாள், முந்தைய மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கை, மின்னிதழ்கள், வீட்டிலிருந்தே படிக்கும் வசதி, வேறு நூலகத்தில் இருந்து வரவழைத்துத் தருவது, எழுதியதை ஒப்புமைச் சோதனை செய்து தருவது என்று பட்டியல் நீளம். பல கல்லூரிகளில் புத்தக வங்கியும் உண்டு. அதில் எடுத்தால் பாடநூல் பருவம் முழுக்க உங்களிடமே இருக்கும். ஒரு பருவத்துக்கு ஐந்தாறு பாடநூல் விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த ஒரு சேவையின் மதிப்பு புரியும்.

படி 1: அலமாரிக்குப் போகும் முன் ஓபேக்

ஓபேக் என்பது நூலகத்தின் மின்பட்டியல். பல நூலகங்களில் இதைப் போனிலேயே திறக்கலாம். புத்தகம் இருக்கிறதா, எத்தனை பிரதி, வெளியே போயிருந்தால் எப்போது திரும்பும் என்று பஸ்ஸில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். பிரதி இல்லை என்றால் முன்பதிவு செய்துவைக்கலாம்.

புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் முகவரி. பெரும்பாலான கல்லூரி நூலகங்கள் டூயி தசம முறையைப் பின்பற்றுகின்றன. அதில் கணிதம் 510, கம்ப்யூட்டர் புரோகிராமிங் 005, பொறியியல் பொதுவாக 620, மின்னியல் 621.3, சிவில் 624, வேதிப் பொறியியல் 660. நம் மாணவிக்கு வேண்டியது அடித்தளம், மண் சம்பந்தப்பட்ட 624.15. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனால் ஐந்து நிமிஷம் போதும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். தேடிப் போன புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து பாருங்கள். ஒரே பொருள் பற்றிய புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்பதற்குத்தான் அந்த எண். ஒரு ஆசிரியர் சொன்னது புரியாவிட்டால், பக்கத்துப் புத்தகத்தில் அதே பாடம் எளிதாக இருக்கலாம்.

நம் மாணவிக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடும். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு பக்கத்து மண் ஈரமாகவும் இன்னொரு பக்கம் காய்ந்தும் இருந்தால், அடித்தளம் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். விரிசல் விடுவது சுவர்தான், ஆனால் பெரும்பாலும் காரணம் கீழே இருக்கிற மண். பூச்சு மட்டும் பூசினால் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இதுதான் பதில்.

படி 2: ஊர்ச் சொல்லும் துறைச் சொல்லும்

தேடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகும் இடம் இது. நாம் கரிசல் என்கிறோம். இந்திய ஆய்வாளர்கள் 'பிளாக் காட்டன் சாயில்' என்று எழுதுவார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் 'எக்ஸ்பான்சிவ் சாயில்' என்று வரும். 'ஸ்வெல்லிங் கிளே' என்றும் சிலர் எழுதுவார்கள். மண் வகைப்பாட்டில் 'வெர்ட்டிசால்'. ஒன்றே ஒன்றை மட்டும் தட்டினால் முக்கால்வாசி உங்கள் கண்ணில் படாது.

அதனால் தேடும் முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பொருள்: கரிசலுக்கான நான்கு சொற்கள். இரண்டாவதில் செய்வது: 'ஸ்டெபிலைசேஷன்', 'இம்ப்ரூவ்மென்ட்'. மூன்றாவதில் எதைக் கொண்டு: 'லைம்', 'ஃப்ளை ஆஷ்'. இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டும்போது, ஒரே கட்டத்தில் உள்ள சொற்களுக்கு நடுவில் 'ஆர்' போடுங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் 'அண்ட்' போடுங்கள். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். ஐஈஈஈ எக்ஸ்புளோர், சயின்ஸ்டைரக்ட் போன்ற தளங்களில் இந்த முறை வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் வந்த முடிவுகள் படிக்கிற அளவுக்குக் குறைந்துவிடும். அப்புறம் ஆண்டை வைத்து வடிகட்டிக்கொள்ளலாம்.

படி 3: தரநிலைகளை மறக்காதீர்கள்

பாடநூல் 'ஏன்' என்று சொல்லும். 'எப்படிச் சோதிப்பது, எந்த அளவு சரி' என்று சொல்வது இந்தியத் தரநிலைகள், அதாவது ஐஎஸ் கோடுகள். கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, எஃகுக் கட்டுமானத்துக்கு ஐஎஸ் 800 என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள். மண் சோதனைகளுக்கு ஐஎஸ் 2720 என்ற பல பகுதிகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்தும் இந்தியத் தரநிலைகளைக் கட்டணம் இல்லாமல் பதிவிறக்கலாம். நகல் எடுக்கும் கடைக்காரர் தரும் மங்கலான பழைய பதிப்பை நம்பாதீர்கள். திருத்தம் வந்திருக்கும், உங்களுக்குத் தெரியாமலே போகும்.

ஐஎஸ் 2720 பகுதி 40-ஐப் பாருங்கள். மண் எவ்வளவு உப்பும் என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. அடுப்பில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு. 100 மில்லி அளவு உருளை இரண்டு. ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். குறைந்தது 24 மணி நேரம் விட்டுவிட்டு, இரண்டிலும் மண் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் அது உப்பாது. தண்ணீரில் உப்பும். அந்த வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொன்னால் முடிந்தது. சொந்த ஊர் மண்ணைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் இதைச் செய்தாலே ஒரு நல்ல புராஜெக்டுக்குத் தொடக்கம் ஆகிவிடும்.

இதே வழியில் போனால் ஐஎஸ் 2911 பகுதி 3 கண்ணில் படும். கரிசல் போன்ற மண்ணுக்கு ஏற்ற, அடியில் குமிழ் போலப் பருத்திருக்கும் 'அண்டர் ரீம்டு பைல்' பற்றியது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில் வீட்டை ஊன்றி நிறுத்துவதுதான் இதன் சூட்சுமம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

படி 4: ஆய்விதழ்கள். உங்கள் கல்லூரி எந்த வகை?

ஆய்விதழ்களைத் தனியாகப் பணம் கட்டிப் படிப்பது மாணவர்களால் முடிகிற காரியம் இல்லை. நிறுவனம் கட்டும் சந்தா மூலமாகத்தான் படிக்க முடியும். இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு நடத்தும் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால்: 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஐஈஈஈ உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் இதில் அடக்கம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. 1981-இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி போன்றவை இந்த வகையில் வரும். உங்கள் நிறுவனம் பதிவாகி இருக்கிறதா, உங்களுக்கு உள்நுழைவு எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள்.

சுயநிதிக் கல்லூரி என்றால்: இந்தத் திட்டம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. ஆனால் கல்லூரியே தனியாகச் சந்தா கட்டியிருக்கும். எந்தெந்தத் தளங்கள் என்ற பட்டியலை நூலகத்தில் கேட்டு வாங்கிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகள் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்நெட் வலையமைப்பில் உறுப்பினர்கள். அப்படி இருந்தால், உங்கள் நூலகத்தில் இல்லாத கட்டுரையையோ புத்தகத்தையோ வேறு உறுப்பு நூலகத்தில் இருந்து வரவழைக்கலாம். சில நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள்.

யாராக இருந்தாலும் இலவசம்: சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் லட்சக்கணக்கான முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுசாகக் கிடைக்கின்றன. ஒரு ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் அதற்கு முன் நடந்த ஆய்வுகளின் தொகுப்பாக இருக்கும். அதை ஒரு தடவை படித்தால் ஐம்பது கட்டுரை தேடும் வேலை மிச்சம். காரக்பூர் ஐஐடி உருவாக்கி, 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்னூலகமும் இருக்கிறது. போன் செயலியாகவே கிடைக்கும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் காணொளிப் பாடங்களைப் பார்ப்பதும் இலவசம்தான். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

படி 5: பஸ் ஏறின பிறகும் நூலகம் திறந்திருக்கும்

வளாகத்துக்குள் கல்லூரி வைஃபையில் இருக்கும்போது மின்னிதழ்கள் தானாகத் திறக்கும். வெளியே வந்தால் பணம் கேட்கும். பல பேர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து நுழைவதற்கு 'ரிமோட் ஆக்சஸ்' என்ற வசதி பல நிறுவனங்களில் உண்டு. கல்லூரி மின்னஞ்சலையோ நூலகம் தரும் பயனர் பெயரையோ வைத்து உள்ளே போனால், இளையரசனேந்தல் வீட்டுத் திண்ணையில் இருந்தும் அதே கட்டுரையைப் படிக்கலாம்.

ஹாஸ்டலில் இருப்பவருக்கு ராத்திரி எட்டு மணி வரை நூலகம். பஸ்ஸில் போய்வருபவருக்கு மதிய இடைவேளை மட்டும்தான். அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது சரி செய்வது இந்த வசதிதான். அதனால் அடையாள அட்டை வாங்கிய வாரமே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் கல்லூரியில் இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து நூலகக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். எழுத்தில் வரும் கோரிக்கைக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது?

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த புதிதில் அந்த வேலை பிடிக்காமல், திரும்ப வகுப்புக்கே போய்விட நினைத்தவர். பிறகு லண்டன் போய் நூலகவியல் படித்துத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகம் முழுக்கப் பாடம். அதில் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றியது. உங்கள் நூலகர் படித்து வந்ததும் அந்தப் பாடத்தைத்தான். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "சார், மண்ணு பத்தி புக் இருக்கா?" என்று கேட்டால் அலமாரியைத்தான் காட்டுவார். "சார், கரிசல் மண்ணுல சுண்ணாம்பு கலந்தா உப்புறது குறையுமான்னு பார்க்கிறேன். 2015-க்கு அப்புறம் வந்த கட்டுரைகள் வேணும். இந்த மூணு சொல்லை வச்சுத் தேடிட்டேன், இவ்வளவுதான் கிடைச்சுது" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் உதவியே வேறு மாதிரி இருக்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

முதல் ஆண்டில் ஆங்கிலப் பாடநூல் மலைப்பாக இருந்தால் அது உங்கள் குறை இல்லை. ஏஐசிடிஇ-யின் இ-கும்ப் தளத்தில் பொறியியல் பாடநூல்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கலைச்சொல் தெரியாவிட்டால் தமிழ்நாடு அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவை தளத்தில் தேடலாம். முதலில் தமிழில் கருத்தைப் பிடியுங்கள், அப்புறம் ஆங்கில நூலுக்குப் போங்கள். விடுமுறையில் மதுரைப் பக்கம் போனால், 2023 ஜூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

இந்த நாலு தவறு வேண்டாம்

1. ஒரு ஆய்விதழ் முழுவதையும் ஒரே மூச்சில் பதிவிறக்குவது. பதிப்பகம் இதைக் கவனித்தால், உங்களுக்கு மட்டும் இல்லை, கல்லூரி முழுவதற்குமே இணைப்பை நிறுத்தி வைக்கலாம். வேண்டியதை மட்டும் எடுங்கள்.

2. உள்நுழைவு விவரத்தை நண்பருக்குக் கொடுப்பது. அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு உங்கள் பெயரில் வரும்.

3. பழைய புராஜெக்ட் அறிக்கையை நகல் எடுத்துப் பெயர் மாற்றுவது. ஒப்புமைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். சோட்டெரோ என்ற இலவசச் செயலி இதற்கு உதவும்.

4. புத்தகத்தைத் திருப்பாமல் வைத்திருப்பது. தாமதக் கட்டணம் ஒரு பக்கம். நிலுவை இல்லாச் சான்று கிடைக்காமல் கடைசிப் பருவத்தில் அலைவது இன்னொரு பக்கம். போனில் நினைவூட்டல் வைத்து, கெடு முடியும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

பஸ்ஸைத் தவறவிடாமல் ஒரு வாரத் திட்டம்

திங்கள்: பஸ்ஸில் ஓபேக்கைத் திறந்து வேண்டிய இரண்டு புத்தகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
செவ்வாய்: மதிய இடைவேளையில் இருபது நிமிஷம். புத்தகத்தை எடுங்கள், அக்கம்பக்கத்து நூல்களையும் பாருங்கள்.
புதன்: நூலகரைச் சந்தித்து ரிமோட் ஆக்சஸ், சந்தாப் பட்டியல், புத்தக வங்கி மூன்றையும் கேளுங்கள்.
வியாழன்: மூன்று கட்டம் போட்டுச் சொற்களை எழுதுங்கள். வீட்டிலிருந்து தேடி ஐந்து கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படியுங்கள்.
வெள்ளி: அதில் சிறந்த ஒன்றை முழுசாகப் படித்து அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்.

அவ்வளவுதான். இதை ஒரு பருவம் தொடர்ந்தால், புராஜெக்ட் நேரத்தில் உங்கள் கையில் பதினைந்து கட்டுரைக்கான குறிப்பு இருக்கும்.

நம் மாணவி அம்மாவிடம் இப்போது என்ன சொல்வார்? "சுவரை மட்டும் பூசிப் பிரயோஜனம் இல்லம்மா. மழைத் தண்ணி அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல தேங்காம வெளியே போக முதல்ல வழி பண்ணுவோம். நம்ம மண்ணை எடுத்துட்டுப் போய் காலேஜ்ல சோதிச்சுப் பார்க்கிறேன்." ஒரு வருஷம் கழித்து, அதே ஊரில் புதுசாக வீடு கட்டப்போகும் யாராவது வானம் தோண்டும் முன் அவரிடம் வந்து கேட்கலாம். உங்கள் வீட்டில் உங்களிடம் கேட்ட கேள்வி எது? நாளைக்கு நூலகத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.